சோடா நயினாரின் முதல் டோஸ்

ஆரணியில் நான் கம்பவுண்டராக இருந்த கிளினிக்குக்கு நேர் எதிரே ஒரு சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கைமிஷின், ஒரு கேஸ் சிலிண்டர், பச்சைக் கோலி பாட்டில்கள் அடுக்கிய மரப்பெட்டிகள், அவ்வளவுதான். முதலாளியை ஊரே நயினார் என்று கூப்பிட்டது. பெரணமல்லூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். பெயரைச் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்; அதில் ஒருவர் டாக்டர் வேறு.

சோடாக் கடை வைத்துக்கொண்டு, சோடா கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பிய ஒரே மனிதரை நான் பார்த்தது அங்கேதான்.

"நயினாரே, ஒரு கலரு குடுங்க. வயிறு இன்னாமோ பண்ணுது."

"காலையில போனியா?"

"எங்க?"

"எங்கயா? வெளிக்குடா!"

"ரெண்டு நாளா சரியா இல்லீங்க."

"அப்ப கலரு எதுக்கு? வூட்டுக்குப் போயி வயித்துல ஈரத்துணியைக் கட்டிகினு படு. இன்னைக்கு ஒண்ணும் துன்னாத. நாளைக்கு வந்து சொல்லு."

அதற்குள் கொட்டகையின் பின்பக்கமிருந்து அவர் மனைவியின் குரல் வரும். "அவரு கெடக்காரு, நீ இப்படி வாப்பா. கலரு நான் தரேன்."

வியாபாரம் நடந்தது அந்த அம்மாவால். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நயினாருக்கு வியாபாரத்தில் இருந்த ஒரே அக்கறை தண்ணீர்தான். வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு வடிகட்டித்தான் மிஷினில் ஊற்றுவார். ஓர் உயிர்கூட உள்ளே போய்விடக் கூடாது என்பது அவர் குலவழக்கம். அதனால் ஊரிலேயே சுத்தமான சோடா அவருடையதாக இருந்தது. அதைத்தான் அவர் குடிக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளில் இந்த மாதிரி வைத்தியங்கள் தபாலில் வந்தன. வடநாட்டில் எங்கிருந்தோ, வாங்கும்போது பணம் கட்டுகிற வி.பி.பி.யில் புத்தகம் வரும், டிப்ளமா வரும், சீசாவில் ஹோமியோபதி இனிப்பு உருண்டைகள் வரும். தபால்காரர் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் நயினார் அதை முழுசாக நம்புவார். ஆனால் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. எதையும் தன் உடம்பில் பார்க்காமல் இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். "முதல் டோஸ் எனக்கு. அப்புறம்தான் ஊருக்கு" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்து அந்த மனிதரை முழுதாக எழுதிவிடலாம்.

இயற்கை வைத்தியப் புத்தகம் விடிந்ததும் தேனும் எலுமிச்சையும் குடிக்கச் சொன்னது. ஜைனருக்குத் தேன் ஆகாது. பச்சைக் கேரட் தின்னச் சொன்னது. மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு ஆகாது. நயினார் அசரவில்லை. தேனுக்கு வெல்லம், கேரட்டுக்கு வெள்ளரி என்று மாற்றிக்கொண்டார். மண்பட்டி போட வேண்டும் என்றபோது மட்டும் இரண்டு நாள் யோசித்தார். மண்ணில் எத்தனை ஜீவன்! கடைசியில் ஒரு சாக்கை விரித்து, மண்ணைப் பரப்பி, எறும்புகளுக்கு நகர்ந்து போக அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் எடுத்துக் குழைத்தார். அதை வயிற்றில் அப்பிக்கொண்டு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

வண்ணச் சிகிச்சை வந்தபோது கொட்டகைக் கூரையெல்லாம் பாட்டில். சிவப்புக் காகிதம் சுற்றியது சளிக்கு, நீலம் காய்ச்சலுக்கு, பச்சை தோலுக்கு. தண்ணீர் வெயிலில் நிறம் குடித்து மருந்தாகிவிடுமாம். பச்சைப் பாட்டில் அவரிடம் ஏற்கெனவே பெட்டி பெட்டியாக இருந்ததால் அந்த வருஷம் தெருவில் எல்லோருக்கும் தோல் வியாதி என்று அவர் கண்டுபிடித்தார்.

அப்புறம் சிறுநீர். டெல்லியில் பெரிய பெரிய ஆட்களே விடிகாலையில் தங்கள் சிறுநீரைக் குடிக்கிறார்கள் என்று பேப்பரில் பேச்சு அடிபட்ட சமயம். நயினார் ஒரு மாதம் குடித்தார். அக்கா ஒரு டம்ளரை எடுத்து அடியில் ஆணியால் பெருக்கல் குறி போட்டுக் கிணற்றடிச் சுவரில் வைத்தார். அந்த மாதம் முழுக்க நயினாருக்குக் காபி, மோர், தண்ணீர் எல்லாம் அந்த டம்ளரில்தான். மாதம் முடிந்ததும் நயினாரே வந்து, "எனக்கு ஒத்துக்கல" என்று ஒப்புக்கொண்டார். ஒத்துக்கொள்ளாததை ஊருக்குச் சொல்ல மாட்டார். இதில் ஊர் தப்பித்தது.

எங்கள் டாக்டர் எம்.பி.பி.எஸ். கனத்த சரீரம். மதியம் ஒரு சோடா இல்லாமல் அவருக்கு நாள் நகராது. நயினாருக்கும் அவருக்கும் தெருவின் குறுக்கே தினமும் ஒரு சண்டை நடக்கும். நான் பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிற மிக்சரைப் பாட்டிலில் ஊற்றி, வேளைக் கணக்குக்குக் காகிதம் கத்தரித்து ஒட்டுவதை நயினார் எதிரே இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"இன்னா டாக்டர், நானும் கலர் தண்ணி, நீங்களும் கலர் தண்ணி. என்னுதுல கோலி இருக்குது, அவ்ளோதான்!"

"என்னுதுல கசப்பு இருக்கு நயினாரே. கசந்தாத்தான் மருந்துன்னு நம்புறாங்க."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நயினாரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அதை எடுப்பார். "என் சம்சாரத்தைப் பாருங்க. கல்யாணம் ஆன நாளா ஒரு இங்கிலீஷ் மாத்திரையைத் தொட்டதில்ல. கல்லு மாதிரி இருக்கா!"

டாக்டர் உடனே என்னைப் பார்ப்பார். நான் ஜாடியைப் பார்ப்பேன்.

ஏனென்றால் அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்துவந்தது நான்தான். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே அவருக்கு ரத்த அழுத்தம். நயினார் கேஸ் சிலிண்டர் எடுக்க வேலூர் போகிற நாளில் அக்கா தெருவைத் தாண்டி வந்து டாக்டரிடம் கையை நீட்டுவார். மாத்திரைப் பொட்டலத்தை, டாக்டர் குடித்த காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் சேர்த்துக் கொடுப்பேன். இப்படி வருஷக்கணக்காக ஓடியது. ஏன் மறைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கு அவரைத் தெரியாது தம்பி" என்றதோடு சரி. வீட்டுக்காரர் கோபிப்பார் என்று பயப்படுகிறார் என நான் எடுத்துக்கொண்டேன்.

ஏகாம்பரம் என்ற பட்டு நெசவாளி எங்கள் கிளினிக்கின் சர்க்கரை நோயாளி. குழித்தறியில் உட்கார்ந்து நாளெல்லாம் காலால் மிதிக்கிற வேலை. வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்தது, மிதிக்க மிதிக்க ஆறவில்லை. நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறுவதற்கு நாளாகும் என்று டாக்டர் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. தெருவைத் தாண்டி நயினாரிடம் போய்விட்டார்.

நயினார் அவரை எடுத்த எடுப்பில் தொடவில்லை. தன் வழக்கப்படி உடைந்த சோடா பாட்டில் சில்லை எடுத்தார், தன் பெருவிரலில் அதே இடத்தில் ஒரு கீறல் போட்டார், மண்ணைக் குழைத்து வைத்துக் கட்டினார். ஒரு வாரத்தில் அது சுத்தமாக ஆறிவிட்டது. காலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பிறகு ஏகாம்பரத்தின் புண்ணில் மண்ணை வைத்துக் கட்டினார். "மண்ணு வேலை செய்யணும்னா உடம்புல வெசம் இருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திடு" என்றார். ஏகாம்பரம் தயங்கியபோது பிரம்மாஸ்திரத்தையும் எடுத்திருக்கிறார். "என் சம்சாரத்தைப் பாரு!"

ஏகாம்பரம் கட்டுக்கும் வரவில்லை, மாத்திரைக்கும் வரவில்லை. காலி பாட்டில் எடுக்க வந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். "அந்தாளுக்குச் சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி அக்கா. கால் போயிடும்."

அக்கா முகம் மாறிவிட்டது. அன்றைக்கே ஏகாம்பரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். தறிக்குழிப் பக்கம் நின்றபோதே வாடை அடித்ததாம். ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா, "உங்களைப் பாத்துத்தான்கா தைரியமா இருக்கோம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"அந்த ஏகாம்பரத்தை டாக்டர் கிட்ட போவ சொல்லுங்க."

"எதுக்கு? உனக்கு எப்பனா டாக்டர் தேவைப்பட்டுச்சா?"

இந்தக் கேள்வி வந்ததும், தன் பொய் தன் வாயையே கட்டிவிட்டது என்று அக்கா என்னிடம் பிற்பாடு சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் இயற்கை வாழ்வு முகாம். நயினார்தான் ஏற்பாடு. மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து, இடுப்பில் கதர்த் துண்டோடு மேடையில் தலைகீழாக நின்றார். மதியம் அடுப்பில்லாச் சமையல்: ஊறவைத்த அவல், தேங்காய்த் துருவல், வெள்ளரிப் பிஞ்சு. பாதிப் பேர் மரியாதைக்குக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு ஓட்டலுக்கு இட்லி தின்னப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். எங்கள் டாக்டர் என்னை வேவு பார்க்க அனுப்பியிருந்தார். எனக்கு அவல் பிடித்திருந்தது; இன்னொரு பொட்டலம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் நயினார் பேசினார். நன்றாகவே பேசினார். முடிக்கும்போது மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனைவியைக் கையைக் காட்டி மேலே கூப்பிட்டார்.

"இதோ என் சம்சாரம். ஒரு இங்கிலீஷ் மாத்திரை இவ தொண்டையில இறங்கினதில்ல. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அவளே சொல்லுவா." மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

அக்கா அதற்குமுன் மைக்கைத் தொட்டதில்லை. கரண்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். முன் வரிசையில் ஏகாம்பரம், காலில் மண்ணும் வாழையிலையுமாக. அவரைப் பார்த்தபடியே பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. இவரு சொல்றது பொய்யி. ஆனா அது பொய்யின்னு இவருக்குத் தெரியாது."

அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் பிரஷர் மாத்திரை துன்றேன். ரொம்ப வருசமா துன்றேன். எதிர் கிளினிக் கம்பவுண்டர் தம்பிதான் குடுக்குது. இவரு குடுத்த பச்சைத் தண்ணியும் குடிச்சேன், மாத்திரையும் துன்னேன். மாத்திரையை வுட்டப்பல்லாம் தலை சுத்திச்சு. தண்ணியை வுட்டப்ப ஒண்ணும் ஆவல. ஏகாம்பரம், என்னைப் பாத்து நீ மாத்திரையை வுட்டுட்டன்னு சரோஜா சொன்னா. என்னை நம்பாத. ஜல்தி டாக்டர் கிட்ட போ."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. என் வாயில் அவல்.

நயினார் மைக்கை வாங்கினார். கத்தப் போகிறார், அழப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் மனைவியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, மைக்கிலேயே கேட்டார்.

"எந்த மாத்திரை? வெள்ளையா, மஞ்சளா?"

சிரிப்பில் கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. மெட்ராஸ்காரர் துண்டை இறுக்கிக்கொண்டு பஸ் நேரம் விசாரித்தார்.

மறுநாள் காலை சரோஜா ஏகாம்பரத்தைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். மண்ணை நான் கழுவி எடுத்தேன். விரல் கறுத்திருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில் எதிரே பாட்டில்கள் உடைகிற சத்தம், கூடவே அக்காவின் அலறல்.

நயினார் அன்று விடிந்ததும் மனைவியிடம் மாத்திரைப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஒன்று தின்றால் குணம் தெரியாது என்று இரண்டாக, வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். பிறகு சோடாப் பெட்டியைத் தூக்க எழுந்தவர், பெட்டியோடு சாய்ந்துவிட்டார். நானும் ஒரு ஜட்காக்காரரும் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தினோம். முகம் சுண்ணாம்பு மாதிரி. நாடி கையில் நிற்கவே இல்லை. டாக்டர் அவர் காலடியில் தலையணைகளை அடுக்கி, ஊசி போட்டு, நாடியை விடாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. இயற்கை வைத்தியம் என்று பட்டினி கிடந்து கிடந்து ஏற்கெனவே அழுத்தம் குறைந்த உடம்பு. அதில் இரண்டு பிரஷர் மாத்திரை.

அக்கா சுவரோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து நயினார் கண்ணைத் திறந்ததும் அக்கா வெடித்தார்.

"இதுக்குத்தான் டாக்டரே நான் சொல்லல! சொன்னா முதல்ல இவரு துன்னு பாப்பாருன்னு எனக்குத் தெரியும். இத்தினி வருசம் இவரைக் காப்பாத்திகினு வந்தேன். ஒரே நாள்ல போச்சு பாருங்க!"

நயினார் படுத்தபடியே மெல்லக் கையெடுத்துக் கும்பிட்டார். மனைவியையா, டாக்டரையா என்று தெரியவில்லை.

அவர் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் அடுத்து நடந்ததை அவர் பெஞ்சிலிருந்தே பார்த்தார். சர்க்கரை பார்க்க அப்போதெல்லாம் ஒரு நீல நிறக் கரைசல் உண்டு. கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவோம். சர்க்கரை இருந்தால் நிறம் மாறும். ஏகாம்பரத்தினுடையதை நான் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

நிறம் என்றால் நயினாருக்குச் சும்மா இருக்க முடியுமா? "என்னுதையும் பாரு தம்பி" என்றார். பார்த்தேன். எவ்வளவு காய்ச்சியும் நீலம் நீலமாகவே இருந்தது. இரண்டு குழாயையும் அவர் முகத்துக்கு நேரே பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன்.

"அதே புண்ணு, அதே மண்ணு. எனக்கு ஆறிச்சே டாக்டர்?"

டாக்டர் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு மண்ணு வெக்காட்டியும் ஆறியிருக்கும் நயினாரே. உங்க உடம்பு உங்க உடம்பு மட்டும்தான். அதுல பாத்துட்டு ஊருக்குச் சொல்ல முடியாது."

எத்தனையோ வைத்தியங்களை அந்த மனிதர் தாங்கியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை அவரால் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஏகாம்பரத்தைக் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். தள்ளாடிக்கொண்டே நயினாரும் ஏறிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஏகாம்பரம் வீடு திரும்பும்வரை நயினார் ஊருக்கு வரவில்லை. அங்கே இரவுச் சாப்பாடு பொழுது சாய்ந்துதான் வருமாம். ஜைன வழக்கப்படி பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிட மாட்டார். சரோஜா மதியச் சோற்றில் ஒரு பங்கை எடுத்துவைத்து, வெளிச்சம் இருக்கும்போதே தின்னவைத்திருக்கிறாள்.

நான் போய்ப் பார்த்தபோது கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "உன் விரலை நான்தான் எடுத்துட்டேன் ஏகாம்பரம்" என்றார், என் முன்னாலேயே.

ஏகாம்பரம் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லீங்க. டாக்டர்தான் எடுத்தாரு. நீங்க மண்ணு வெச்சீங்க. நான் காலை நீட்டினேன். அதை வுடுங்க, இந்த வார்டுல மூட்டைப்பூச்சி பேஜாரு தாங்கல, அதுக்கு எதுனா வைத்தியம் இருக்குதா?"

மூட்டைப்பூச்சியைக் கொல்ல நயினாருக்கு வழியில்லை. ஆனால் கொல்லாமல் விரட்ட ஒரு வழி தெரியும் என்று, வேப்பிலை தேடி வெளியே போனார். அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த மனிதர் திருந்தப் போவதில்லை என்று.

அடுத்த வருஷம் தபாலில் காந்தம் வந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டார். முகாமும் மறுபடி நடந்தது. ஆனால் இந்த முறை அவர் மைக்கைப் பிடித்ததும் முதலில் சொன்னது வேறு. ஏகாம்பரத்தின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். தான் விழுந்ததைச் சொன்னார். "என் பேச்சைக் கேட்டு ஒருத்தனுக்கு விரல் போச்சு. நான் படிச்சவன் இல்ல. நான் சொல்றதை நம்பாதீங்க. முதல்ல எதிர் கிளினிக்குக்குப் போயி பரிசோதனை பண்ணிக்குங்க" என்று கையைக் கூப்பினார்.

கூட்டம் அப்படியே உருகிவிட்டது. இவ்வளவு உண்மையான மனுஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்றார்கள். மறுநாள் காலை சோடாக் கடை வாசலில் வெம்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து வரிசை கட்டி நின்றார்கள். காந்தம் கேட்டார்கள், மண் கேட்டார்கள், கூரையில் இருந்த பச்சைத் தண்ணீரைக் கேட்டார்கள். நயினார் தலையில் அடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி எங்கள் கிளினிக்குக்குள் ஓடிவந்தார்.

"டாக்டர், நம்பாதீங்கன்னு சொன்னா முன்னைவிட ஜாஸ்தி நம்புறாங்க! இந்த வியாதிக்கு உங்ககிட்டயாவது எதுனா மருந்து இருக்குதா?"

டாக்டர் ரோஸ் மிக்சர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்த வியாதியை வெச்சுத்தானே நயினாரே நாம ரெண்டு பேரும் கடை நடத்துறோம்."

நயினார் சிரிக்கவில்லை. வெளியே போய், வரிசையில் நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒவ்வொருவராக எங்கள் படியில் ஏற்றினார். வர மறுத்த ஒரு பெரியவரை அக்கா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பிட நேரமே கிடைக்கவில்லை.